எலும்புக்கு எது முதலில்: கேழ்வரகா, கேப்ஸ்யூலா, எடையா?

ஐம்பதைத் தொட்டதும் பலரும் எலும்புக்கென்று செய்வது, மருந்துக்கடையில் ஒரு அட்டை கால்சியம் மாத்திரை வாங்குவதுதான். எலும்புக்கு வேண்டியவை மூன்று: கால்சியம், வைட்டமின் டி, எடைப்பயிற்சி. கால்சியம் மட்டும் தனியாக நின்றால் பலன் குறைவுதான். கால்சியம் மூலப்பொருள். அதைக் குடலிலிருந்து ரத்தத்துக்கு ஏற்றுவது வைட்டமின் டி. எங்கே கெட்டிப்பட வேண்டும் என்று எலும்புக்குச் சொல்வது அதன் மேல் விழும் பளு. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

முதலில் சாப்பாடா, மாத்திரையா? பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மி.கி. கால்சியம் வேண்டும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 360 மி.கி. இருப்பது உண்மைதான். ஆனால் ஒரு டம்ளர் கூழில் கரைவது 30 கிராம் மாவு. கிடைப்பது 110 மி.கி. அளவுதான். அதிலும் தானியத்தில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டிய மாவும் இரவு புளிக்க வைத்த கூழும் அந்தப் பிடியைத் தளர்த்தும். பாலக்கீரையை நம்பவே வேண்டாம்: கீரையிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் கட்டிப்போடுவதால் அதன் கால்சியத்தில் 5 சதவீதம்தான் உடலில் சேரும், பாலில் அது 30 சதவீதத்தை ஒட்டி வரும். கால் லிட்டர் பால், ஒரு கிண்ணம் தயிர், கூழ், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை என்று ஓடும் நாளில் 700, 800 மி.கி. தேறிவிடும். மீதிக்கு எள்ளுருண்டையோ, முள்ளோடு மெல்லும் நெத்திலியோ போதும்.

பாலும் தயிரும் அறவே ஆகாதவர்களுக்குத்தான் மாத்திரை நியாயமான தேர்வு. கால்சியம் கார்பனேட் மலிவு; 1250 மி.கி. மாத்திரையில் 500 மி.கி. கால்சியம் இருக்கும். கரைய வயிற்று அமிலம் வேண்டும் என்பதால் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலைத் தினமும் எடுப்பவருக்கு அது சரியாகக் கரையாது, அவருக்கு கால்சியம் சிட்ரேட் மேல். எதுவானாலும் ஒரே நேரத்தில் 500 மி.கி.க்கு மேல் விழுங்குவது வீண். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். இல்லையென்றால் தைராய்டு மருந்து உடலில் சரியாகச் சேராது.

வைட்டமின் டி விஷயத்தில் சாப்பாடு தோற்றுவிடும். ஒரு முட்டை மஞ்சள் கருவில் சுமார் 40 யூனிட். நாள் தேவை 600. வெயிலா, கேப்ஸ்யூலா என்பதுதான் உண்மையான போட்டி. காலை 7 மணி இளவெயில் இதமானது, ஆனால் டி தயாரிக்கும் புற ஊதா-பி கதிர் அதில் இல்லாததற்குச் சமம். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரத்தில் கையும் காலும் வெளியே தெரிய நிற்க வேண்டும். கருத்த தோலுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் வெக்கை மட்டும்தான் மிச்சம்.

உடலில் வைட்டமின் டி எவ்வளவு என்று காட்டும் 25-ஹைட்ராக்ஸி அளவு ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் கேப்ஸ்யூல்தான் வேகமான வழி. வழக்கமாக எழுதித் தருவது 60,000 யூனிட், வாரம் ஒன்று, 8 வாரம். இதைத் தினமும் போட்டுக்கொண்டு வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், சிறுநீரகக் கோளாறு என்று வந்து சேர்பவர்கள் உண்டு. குறைபாடு இல்லாதவருக்கு லாபமும் இல்லை: அமெரிக்காவில் 25,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட வைட்டல் ஆய்வில், தினம் 2000 யூனிட் எடுத்தும் எலும்பு முறிவு குறையவில்லை என்று 2022இல் முடிவு வந்தது.

உடற்பயிற்சிக்குள்தான் வித்தியாசம் பெரிது. நீச்சலும் சைக்கிளும் இதயத்துக்கு அருமை, எலும்புக்கு ஏறக்குறைய சும்மா. உடல் எடையைத் தண்ணீரும் சீட்டும் தாங்கிக்கொள்கின்றன. நடைப்பயிற்சி அதைவிடப் பரவாயில்லை, ஆனால் எலும்பு அந்தப் பளுவுக்கு என்றோ பழகிவிட்டது. ஆஸ்திரேலியாவின் லிஃப்ட்மோர் ஆய்வில், எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்கள் வாரம் இருமுறை அரை மணி நேரம், பயிற்சியாளர் மேற்பார்வையில் கனமான எடை தூக்கினார்கள். 8 மாதத்தில் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது; வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது.

வீட்டில் தொடங்க, 5 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்து நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள்: 8 முறை வீதம் 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். 10 முறை சுலபமாக வந்துவிட்டால் எடையைக் கூட்ட வேண்டும். அதே 5 கிலோவில் வருடக்கணக்காக நிற்பதுதான் பலரும் பலன் காணாமல் போவதற்குக் காரணம். எலும்பு அடர்த்தியைச் சொல்லும் டி-ஸ்கோர் −2.5க்குக் கீழே போனவர்களும், முதுகெலும்பில் ஏற்கெனவே முறிவு கண்டவர்களும் முன்னால் வளைந்து தரையிலிருந்து தூக்குவது, இடுப்பை முறுக்குவது இரண்டையும் தாமாகச் செய்யக் கூடாது. அவர்களுக்கு இந்த மூன்று மட்டும் போதாமல் மருந்தும் தேவைப்படலாம்.

பலன் தெரிய அவசரப்பட்டு ஆறாம் மாதமே எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தால், கருவியின் பிழையே மாற்றத்தைவிடப் பெரிதாக இருக்கும். ஓரிரு வருடம் கழித்து, முன்பு எடுத்த அதே இயந்திரத்தில் எடுங்கள்.