வெளுத்த படமும் ஜிம்ப்பும்: ஒரு நீண்டகாலப் பயனரின் புகழ்ச்சியும் புலம்பலும்

வெளிச்சம் அதிகமாகி வெளுத்துப்போன ஒரு படத்தை அனுப்பி, "இதை ஜிம்ப்பில் சரிசெய்ய முடியுமா, இல்லை காசு கொடுத்து வேறு மென்பொருள் வாங்கணுமா?" என்று கேட்டார் நண்பர் ஒருவர். ஜன்னலோரம் எடுத்த முகம். நெற்றியும் ஒரு கன்னமும் மஞ்சளாக வெளுத்திருந்தன. பின்னால் இருந்த திரைச்சீலையில் ஒரு மடிப்புகூடத் தெரியவில்லை. முடியும், ஆனால் முழுசாக முடியாது என்று பதில் போட்டுவிட்டேன். அந்த 'ஆனால்' பற்றிப் பேச எனக்குப் பல வருட எரிச்சல் சேர்ந்து கிடக்கிறது. அதற்காகத்தான் இது.

லேயர், மாஸ்க், கர்வ்ஸ் எல்லாம் உங்களுக்குப் பழக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன். ஜிம்ப் என்ற இந்தப் படத்திருத்த மென்பொருள் இலவசம், எந்தக் கணினியிலும் ஓடும் என்பதையும் யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

எரிச்சலிலிருந்தே தொடங்குகிறேன். படம் வெளுத்திருந்தால் யாருக்கும் முதலில் கை போவது நிற மெனுவில் உள்ள எக்ஸ்போஷர் என்ற ஃபில்டருக்குத்தான். எக்ஸ்போஷர் கூடிவிட்டது, எக்ஸ்போஷரைக் குறைப்போம். இதைவிட நியாயமான எண்ணம் இருக்க முடியாது. ஸ்லைடரை ஒரு ஸ்டாப், அதாவது ஒளி பாதியாகும் அளவுக்கு, கீழே இழுத்ததும் முகத்தின் மற்ற பகுதிகள் அழகாக இறங்கிவரும். திரைச்சீலை மட்டும் அழுக்குச் சாம்பலாகி நிற்கும். காரணம் எளிது. ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒவ்வொரு நிறச் சேனலுக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள்தான். மூன்று சேனலும் 255-இல் முட்டி நிற்கும் இடத்தில் எந்த விவரமும் பதிவாகவே இல்லை. அதை ஒரு ஸ்டாப் குறைத்தால் 255 எல்லாம் ஒட்டுமொத்தமாக 188 ஆகும் (இந்த எண்கள் ஒளிக்கு நேர்விகிதம் இல்லை, அதனால் பாதி வராது). மடிப்பு இல்லாத வெள்ளைத் துணி மடிப்பு இல்லாத சாம்பல் துணியாகும். வெள்ளையாக இருந்தபோது கண் அதை வெளிச்சம் என்று மன்னித்துவிடும், சாம்பலை மன்னிக்காது.

இது இயற்பியல், மென்பொருளின் குற்றம் இல்லை என்று யாராவது சொல்வார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். என் கோபம் வேறு. எந்த இடத்தில் விவரம் மிச்சமிருக்கிறது, எந்த இடத்தில் ஒன்றுமே இல்லை என்பதை வேலையைத் தொடங்கும் முன் சொல்ல வேண்டியது யார்? 2018 ஏப்ரலில் வந்த 2.10 பதிப்பில் கிளிப் வார்னிங் என்று, எல்லையில் முட்டிய இடங்களைக் காட்டும் எச்சரிக்கை ஒன்றைச் சேர்த்தார்கள். ஆவலோடு தேடினால், பார்வை மெனுவுக்குள் டிஸ்ப்ளே ஃபில்டர்ஸ் என்ற மூலையில் இருந்தது. அதுவும் முக்கியமாக ஃப்ளோட்டிங் பாயிண்ட் படங்களை மனதில் வைத்துச் செய்தது. அதாவது வெள்ளையைத் தாண்டிய மதிப்புகளையும் சேமித்து வைக்கக்கூடிய படங்களுக்கு. 255-இல் முட்டிக்கொண்டு கிடக்கும் சாதாரண ஜேபெக்கில், எனக்கு அது மிகவும் தேவைப்படும் இடத்தில், வாய் திறப்பதில்லை. எச்சரிக்கை மணியைக் கட்டி, நாக்கை மட்டும் கழற்றி வைத்தது போல.

ஆகவே நான் த்ரெஷோல்டை வைத்து ஓட்டுகிறேன். படத்தின் நகலில் த்ரெஷோல்டைத் திறந்து, கீழ் வரம்பை 255-இல் வைத்தால், முட்டிப்போன இடங்கள் மட்டும் வெள்ளையாகவும் மீதி கறுப்பாகவும் தெரியும். அதிலுள்ள சேனல் தேர்வை வேல்யூ என்று வைத்தால் மூன்றில் ஏதாவது ஒரு சேனல் முட்டியிருந்தாலும் காட்டும். சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக மாற்றிப் பார்த்தால் படத்தின் கதை முழுசாகத் தெரிந்துவிடும். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் வெளுத்த படத்தில் கை வைக்கவே கூடாது என்பது என் கட்சி.

இங்கேதான் இந்த மென்பொருளை நான் விடாமல் வைத்திருப்பதற்கான காரணமும் வருகிறது. மனிதத் தோல், எந்த நிறத் தோலாக இருந்தாலும், சிவப்பைத்தான் அதிகம் திருப்பி அனுப்பும். அதனால் முகம் வெளுக்கும்போது முதலில் சிவப்புச் சேனல் முட்டும், பிறகு பச்சை, கடைசியில்தான் நீலம். வெளுத்த நெற்றி வெள்ளையாகாமல் ஒரு நோயாளி மஞ்சளாகத் தெரிவது இதனால்தான்: சிவப்பும் பச்சையும் நிரம்பிவிட்டன, நீலம் இன்னும் பாக்கி. இதைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பு மட்டும் முட்டி, வண்ணப் படத்தில் செத்துப்போனதாகத் தெரியும் கன்னம், பச்சைச் சேனலை மட்டும் கறுப்பு வெள்ளையாகப் பார்த்தால் உயிரோடு இருக்கும். கன்ன எலும்பின் வளைவு, தோலின் நுண்கோடுகள், மூக்கின் ஓரம், எல்லாம். முதல் தடவை பார்த்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. இப்போதும் அந்தக் கன்னம் திரும்பிவரும் கணத்துக்காகவே சில படங்களைத் திறக்கிறேன்.

நண்பரின் படத்தில் செய்ததும் இதைத்தான். லேயரை நகலெடுத்து, நிற மெனுவில் காம்போனென்ட்ஸ் பிரிவில் இருக்கும் எக்ஸ்ட்ராக்ட் காம்போனென்ட் வழியாகப் பச்சையை மட்டும் எடுத்தேன். அந்த லேயரின் மோடை, அதாவது கீழுள்ள லேயரோடு அது கலக்கும் விதத்தை, லூமினன்ஸ் என்று மாற்றினால், வெளிச்ச அளவு பச்சையிலிருந்து வரும், நிறம் கீழே உள்ள படத்திலிருந்து வரும். இதைப் படம் முழுக்க விட்டால் உதடு கறுத்துவிடும், ஏனென்றால் சிவப்பான எதுவும் பச்சைச் சேனலில் இருட்டு. எனவே த்ரெஷோல்டில் கிடைத்த வெள்ளைத் திட்டையே மாஸ்க்காகப் போட்டு, காஸியன் பிளரால் ஓரத்தைக் கரைத்து, கன்னத்தோடு நிறுத்திக்கொண்டேன். நெற்றியின் நடுவில் பச்சையும் போயிருந்தது. அங்கே நீலம் கைகொடுத்தது, ஆனால் நீலச் சேனலில் இரைச்சல் அதிகம். ஜேபெக் நிற விவரத்தைத்தான் முதலில் சுருக்கும் என்பதால் கட்டம் கட்டமாகவும் இருந்தது. லேசாக மங்கலாக்கிக் குறைந்த ஒபாசிட்டியில் விட்டால் சமாளிக்கலாம். அப்புறம் மஞ்சளைப் போக்க, வெளிச்சத்தைத் தொடாமல் நிறத்தை மட்டும் மாற்றும் எல்சிஹெச் கலர் மோடில் ஒரு வெற்று லேயர். வெளுக்காத பக்கத்துத் தோலிலிருந்து நிறம் எடுத்து, பெரிய மெல்லிய பிரஷால் தடவினால் போதும். கடைசியாகக் கொஞ்சம் நாய்ஸ், இல்லையென்றால் அந்த இடம் மட்டும் மெழுகு பூசியது போல இருக்கும்.

திரைச்சீலையைத் தொடவில்லை. அதில் மூன்று சேனலும் காலி.

முட்டாமல் வெறுமனே வெளுத்த படங்களுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். லேயரை நகலெடுத்து மல்டிப்ளை மோடில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. இந்தப் பழைய முறையில் எனக்குப் பிடித்தது அதன் நேர்மை. முழு வெள்ளையை முழு வெள்ளையால் பெருக்கினால் முழு வெள்ளைதான் வரும், சாம்பல் வராது. அதற்குக் கீழே உள்ளவை மட்டும் இருளும். இருக்கும் விவரத்தை அழுத்திக் காட்டும், இல்லாததை இருப்பதாக நடிக்காது. ஷேடோஸ்-ஹைலைட்ஸ் ஃபில்டரும் மோசமில்லை, ஆனால் பேராசைப்பட்டு இழுத்தால் தலைமுடி ஓரத்தில் ஒளிவட்டம் வந்து மனிதரைத் தெய்வமாக்கிவிடும்.

ரா கோப்பு, அதாவது கேமரா சென்சார் பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் கோப்பு, இருந்தால் கதையே வேறு. 14 பிட் ராவில் ஒரு சேனலுக்கு 16,384 படிகள். கேமராவின் பின்திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம் என்ற ஒளிப்பரவல் வரைபடமும் பெரும்பாலும் ஜேபெக் முன்னோட்டத்தை வைத்துக் கணக்கிட்டதுதான், அதனால் திரையில் போய்விட்டதாகத் தெரிவது கோப்பில் இருக்கலாம். ஆனால் ஜிம்ப் ராவைத் தானே திறக்காது, டார்க்டேபிள் அல்லது ராதெரபி போன்ற ரா மென்பொருளிடம் அனுப்பிவைக்கும். டார்க்டேபிளில் ஹைலைட் ரீகன்ஸ்ட்ரக்ஷன் என்ற மாட்யூல் இருக்கிறது. 2022 டிசம்பரில் வந்த 4.2 பதிப்பிலிருந்து, முட்டிப்போன சேனலை மற்ற சேனல்களிலிருந்து ஊகிக்கும் இன்பெயின்ட் ஆப்போஸ்ட் முறையை அது இயல்பாகவே பயன்படுத்துகிறது. நான் கையால் செய்யும் பச்சைச் சேனல் வேலையின் படித்த தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஜிம்ப்புக்கு வருவதற்குள் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடுகிறது. ஜிம்ப்பைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்ல வேண்டியிருப்பது கொஞ்சம் சங்கடம்.

பழைய நெகட்டிவ் பிலிம் கையில் இருப்பவர்கள் பிரிண்ட்டை ஸ்கேன் செய்து திண்டாட வேண்டாம். பிரிண்ட்டில் வெள்ளைக் காகிதமாகிவிட்ட இடம் நெகட்டிவில் அடர்த்தியாக, விவரத்தோடு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஸ்லைடு பிலிம் என்றால் அந்த வாய்ப்பு குறைவு.

2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பு இந்த வேலையை நிஜமாகவே மாற்றியது. முன்பு கர்வ்ஸை ஒருமுறை ஒப்புக்கொண்டால் அது படத்தில் ஊறிவிடும். மறுநாள் மனம் மாறினால் பழைய நகலைத் தேட வேண்டும். இப்போது ஃபில்டர் லேயரின் மேல் தனியாக உட்கார்ந்திருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம். முகத்தை மீட்கும் வேலையில் இது பெரிய நிம்மதி. ராத்திரி சரியாகத் தெரிந்த தோல் நிறம் காலையில் சரியாகத் தெரிவதே இல்லை.

இவ்வளவு நல்லது சொன்னபின் நண்பருக்கு என்ன பரிந்துரை? வேண்டாம் என்றேன். பச்சைச் சேனல் தந்திரத்தை நான் எங்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன், 3.0-க்கு நன்றியும் சொல்வேன். ஆனால் ஒரே ஒரு படத்தைச் சரிசெய்ய நினைக்கும் மனிதரை, எக்ஸ்போஷரைக் கண்முன்னே வைத்து, எச்சரிக்கையை மூலையில் ஒளித்து வைத்திருக்கும் மென்பொருளுக்குள் தள்ள மனம் வரவில்லை. ஒருவேளை நேற்று ஜேபெக்காக ஏற்றுமதி செய்து முடித்த பிறகும், மூடும்போது "சேமிக்கவில்லையே" என்று அது கேட்டதில் வந்த கடுப்பாகவும் இருக்கலாம். 2012-இல் வந்த 2.8 பதிப்பிலிருந்து சேமிப்பு வேறு, ஏற்றுமதி வேறு என்பது தெரியும். தெரிந்தும் கோபம் வருகிறது.

நான் மட்டும் மாறப் போவதில்லை. நீங்களும் பிடிவாதமாக நிறுவத்தான் போகிறீர்கள் என்றால், முதல் வேலையாகக் கீபோர்ட் ஷார்ட்கட்ஸ் பகுதியில் த்ரெஷோல்டுக்கு ஒரு விசை ஒதுக்கிவிடுங்கள்.