பழம் தனி, தயிர் தனி: ஒரு கிண்ணத்தின் சத்துக் கணக்கு

சர்க்கரை சேர்க்காத கெட்டித் தயிரைக் கீழ்த்தட்டிலும் நறுக்கிய பழத்தை மேல்தட்டிலும் தனித்தனியே அடைத்து விற்கும் கிண்ணம் ஒன்றைச் சில வாரங்களாக வாங்கிச் சாப்பிட்டு வருகிறேன். பழத்தயிர் என்ற பெயரில் கிடைப்பவற்றில் பலவும் பழத்தைவிடச் சர்க்கரைப் பாகையே நம்பியிருப்பதால், சுவைக்கு முன்பு இதன் சத்து அட்டவணையைத்தான் பார்த்தேன்.

கிண்ணத்தில் உள்ள 150 கிராம் தயிர் ஏறத்தாழ 5 கிராம் புரதமும் 180 மில்லிகிராம் கால்சியமும் தருகிறது. அட்டவணையில் தயிருக்கு 7 கிராம் சர்க்கரை என்றிருப்பதைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. அது பாலில் இயல்பாகவே உள்ள லாக்டோஸ். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சர்க்கரைக்கு வகுத்த உச்சவரம்பில் பாலில் உள்ள சர்க்கரையும் முழுப் பழத்தில் உள்ள சர்க்கரையும் சேர்வதில்லை. உறை ஊற்றிப் புளித்த பிறகு சூடாக்கப்படவில்லை என்று மூடியில் அச்சிட்டிருப்பதையும் வெறும் விளம்பரமாகக் கொள்ளக் கூடாது. ஏனெனில் பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கும் தயிர் எளிதில் செரிப்பது, லாக்டோஸைச் சிதைக்க உதவும் உயிருள்ள நுண்ணுயிரிகள் அதில் இருப்பதால்தான். புரதத்துக்காகவே வாங்குவோருக்கு மட்டும், நீர் வடித்த தயிர் இதைவிடப் பொருத்தமானது.

தயிரில் நார்ச்சத்து கிடையாது, வைட்டமின் சி-யும் பெயரளவுக்கே உண்டு. அந்தக் குறையை நிரப்ப வேண்டிய பழமோ 50 கிராம்தான். ஸ்ட்ராபெர்ரி வகையில் அந்தச் சிறு அளவே சுமார் 30 மில்லிகிராம் வைட்டமின் சி தந்துவிடுகிறது என்றாலும், நார்ச்சத்து 1 கிராம் அளவிலேயே நின்றுவிடுகிறது. நான் இன்னொரு பிடி பழத்தை நறுக்கிப் போட்டுக்கொள்கிறேன். தயாரிப்பாளரே அதைச் செய்திருக்கலாம்.

அன்னாசி வகையில்தான் எனக்குக் குறை. சமைக்காத அன்னாசியிலுள்ள புரோமெலைன் என்னும் நொதி பால் புரதத்தைச் சிதைப்பதால், கலந்து வைத்த கிண்ணம் சற்று நேரத்தில் நீர்த்துப்போய், நுனிநாக்கில் இலேசாகக் கசக்கத் தொடங்குகிறது. தட்டுகளைப் பிரித்து வைத்ததன் அருமை இங்கேதான் விளங்குகிறது. ஆனால் உடனே உண்ண வேண்டும் என்ற ஒரு வரி எச்சரிக்கை உறையில் எங்கும் இல்லை. ஸ்ட்ராபெர்ரி வகையைத் தயங்காமல் வாங்கலாம். அன்னாசி வகையைக் கலந்த கையோடு சாப்பிட நேரமிருப்பவர்கள் மட்டும் வாங்கட்டும்.