குதிகாலை விட்டு மூன்று ஆண்டுகள்

பழைய ஷூவையும் இப்போது ஓடும் ஷூவையும் கவிழ்த்து அருகருகே வைத்திருக்கிறேன். பழையதில் குதிகாலின் வெளி ஓரம் சாய்வாகத் தேய்ந்து உள்ளிருக்கும் வெள்ளை நுரை தெரிகிறது. இன்னொன்றில் குதிகால் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. சுண்டுவிரலுக்குக் கீழேதான் தேய்மானம். இந்த இரண்டுக்கும் நடுவே நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

குதிகாலை முதலில் ஊன்றி ஓடிக்கொண்டிருந்த எனக்கு, வலது முழங்கால் வலியில் தொடங்கியது எல்லாம். வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை ஊன்றுகிறார்கள், அதனால் தரையில் மோதும் அதிர்வு குறைகிறது என்று ஹார்வர்டின் டேனியல் லீபர்மேன் குழு 2010இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியதைப் படித்தேன். 1960 ரோம் ஒலிம்பிக் மராத்தானை வெறுங்காலில் வென்ற அபேபே பிகிலா வேறு கண்முன் வந்து நின்றார். போதாதா? முன்பாதத்தைவிடக் குதிகால் உயர்வே இல்லாத, அடிப்பாகம் மெல்லிய ஷூ ஒன்றை வாங்கி, மறுநாளே மெரினாவில் ஆறு கிலோமீட்டர் ஓடினேன்.

அதற்கு அடுத்த நாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நண்டுபோலப் பக்கவாட்டில் இறங்கினேன். கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. அது நான்கு நாளில் விட்டது. கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் நாணில் பிடித்த வலி நான்கு மாதம் விடவில்லை. முன்பாதத்தை ஊன்றினால் முழங்காலின் சுமை குறையும். கெண்டைக்காலும் நாணும் அதை வாங்கிக்கொள்ளும். ஒருவனிடம் கடன் வாங்கி இன்னொருவன் கடனை அடைத்த கதைதான்.

உண்மையில் உதவியது காலடிக் கணக்கு. வேகத்தைக் கூட்டாமல், நிமிடத்துக்கு 158 அடி என்பதை மெல்ல மெல்ல 168க்கு ஏற்றினேன். அடி குட்டையானதும், பாதம் எட்டிப்போய் முன்னால் விழுவது நின்று, இடுப்புக்குக் கீழேயே விழத் தொடங்கியது. தொப்தொப்பென்ற சத்தம் அடங்கியது. முழங்கால் வலியும் படிப்படியாக ஓய்ந்தது. எல்லோரும் சொல்லும் 180ஐ நான் துரத்தவில்லை. அது பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் 1984 ஒலிம்பிக் வீரர்களின் காலடிகளை எண்ணிச் சொன்ன கணக்கு. நான் அலுவலகத்துக்கு முன் ஓடுகிறவன்.

பத்து கிலோமீட்டரின் கடைசிப் பகுதியில் களைத்தால் குதிகால்தான் முதலில் விழுகிறது. திருத்துவதில்லை. ஜப்பானின் 2004 சப்போரோ அரை மராத்தானில், 15ஆவது கிலோமீட்டரில் படம்பிடித்துப் பார்த்தபோது தேர்ந்த வீரர்களிலேயே நான்கில் மூன்று பங்கினர் குதிகாலைத்தான் ஊன்றியிருந்தார்கள்.

இப்போது அணிவது நான்கு மில்லிமீட்டர் குதிகால் உயர்வுள்ள சாதாரண ஷூ. மெல்லியது வாரம் ஒரு நாள், இரண்டு கிலோமீட்டர், புல்தரையில் மட்டும். அதில் ஒரு கருங்கல் ஜல்லியை மிதித்தால் உயிர் போய்விடும்.