“ஏலும்” என்று சொல்லிப் பழகிய அண்ணன்

இந்தமுறை ஊரில் நின்ற மூன்று கிழமையில் ஒரு கிழமை, மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் தரும் மாதாந்தக் கொடுப்பனவை அண்ணனுக்கு எடுக்கும் அலுவலோடு போனது. மட்டக்களப்பில் அம்பிளாந்துறைப் பக்கம் வயல் செய்தவர். பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. கால் ஓரளவு வந்துவிட்டது, கை வரவில்லை. இரண்டு வருசமாக மச்சாள்தான் எல்லாம்.

கொடுப்பனவு இப்போது மாதம் 10,000 ரூபாய். 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் 7,500 இலிருந்து கூட்டினார்கள். வாவிக்கு மேற்கே இருக்கிற எங்கள் படுவான்கரையில் ஒரு குடும்பத்துக்கு அது மருந்துக்கும் ஓட்டோவுக்கும் ஆகும் காசு. ஜீ.எஸ். ஐயாவிடம் (கிராம சேவகர்) கடிதம், பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் படிவம் என்று முதல் இரண்டு படியும் மச்சாளே முடித்திருந்தா. மிச்சம் இருந்தது அரசாங்க வைத்தியர் பார்த்து எழுதித் தரும் சான்றிதழ்.

வைத்தியர் பரிசோதனை என்றதும் எனக்கு வயிறு கலங்கியது. லண்டனில் என் கணவருக்கும் இதே நோய்தான். அங்கே ஏலாதவர்களுக்கு அரசாங்கம் தரும் பணத்துக்கு (PIP) விண்ணப்பித்தபோது, உடல்நலப் பரிசோதனை என்ற பெயரில் ஒரு மணித்தியாலம் தொலைபேசியில் கேள்வி கேட்டார்கள். கேட்டது டொக்டர் இல்லை, ஒரு தாதி. சமைப்பது, குளிப்பது, உடுப்பது, சாப்பிடுவது என்று அன்றாட வேலை 10, நடமாட்டம் 2. ஒவ்வொன்றுக்கும் புள்ளி. ஒரு பகுதியில் 8 புள்ளி வந்தால்தான் பணம். மனிசன் எல்லாத்துக்கும் “ஓம், செய்வேன்” என்றார். அறிக்கையில் “சிரமமின்றிப் பதிலளித்தார்” என்று எழுதிப் புள்ளியைக் குறைத்துவிட்டார்கள். ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனைக்கு எழுதிப்போட்டு, அலைந்து, பிறகுதான் கிடைத்தது. அப்போதுதான் விதியை வாசித்தேன்: ஒரு வேலையைச் செய்ய ஏலும் என்றால் பாதுகாப்பாக, ஒழுங்காக, தேவைப்படும் போதெல்லாம், நியாயமான நேரத்துக்குள் செய்ய ஏலுமா என்று பார்க்கவேண்டும். மற்றவரை விட இரண்டு மடங்குக்கு மேல் நேரம் எடுத்தால் அது ஏலாததுதான். இதை அந்தத் தொலைபேசி அழைப்புக்கு முன்னம் ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அதனால் முதல்நாள் இரவு அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னேன். “டொக்டர் கேட்டா ஏலும் எண்டு சொல்லாதீங்க. எப்பிடிச் செய்யுறீங்க, எவ்வளவு நேரம் பிடிக்குது, ஆர் உதவி எண்டு சொல்லுங்க.” தலையாட்டினார்.

காலையில் எழும்பிப் பார்த்தால் சவரம் செய்து, மினுக்கிய வெள்ளைச் சேர்ட்டும் புதுச் சாரனுமாக வாசலில் நிற்கிறார். மச்சாள் நாலரைக்கு எழும்பி முழுக்க வார்த்து, பொத்தான் பூட்டி, தலை சீவி விட்டிருக்கிறா. டொக்டரிடம் போகிறவர் அழுக்காகப் போவாரா? ஆனால் எங்கள் ஆட்களுக்கு இதிலேதான் பாதி வழக்குத் தோற்கிறது.

மண்முனைப் பாலத்தால் போனோம். 2014 இல் திறந்த பாலம். அதற்கு முன்னம் நோயாளியைக் கொண்டுபோவது என்றால் பாதைக்கு, அதாவது வாவியைக் கடக்கும் மிதவைக்கு, காத்திருக்கவேண்டும். ஏழு மணிக்கே அரச வைத்தியசாலையில் நிற்கிறோம், எங்களுக்கு முன்னால் முப்பது பேர். நம்பர் துண்டு கொடுக்கும் இடத்துக்கு மூன்று படி, கைபிடி இல்லை. அண்ணனை நானும் அவரின் மகனும் தூக்கித்தான் ஏற்றினோம். பொதுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகள் ஏறி இறங்க வசதி வேண்டும் என்று 2006 இலேயே ஒழுங்குவிதி வந்த நாடு இது. ஏலாதவர்களைப் பரிசோதிக்கும் இடத்திலேயே அந்த மூன்று படியும் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அங்கே நின்ற தாதி மிஸ்ஸியிடம் சொன்னேன். அவவும் பாவம், “நாங்களும் சொல்லிக்கொண்டுதான் இரிக்கம் அக்கா” என்றா.

பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். இளம் டொக்டர், எங்கள் பக்கத்துப் பிள்ளை. கிளினிக் கொப்பியைப் புரட்டினா. பாரிசவாதம் வந்தபோது வார்டில் கொடுத்த டயக்னோசிஸ் கார்ட்டை மச்சாள் பொலித்தீன் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தா. அதைக் கண்டதும் டொக்டரின் முகம் மலர்ந்தது. அந்த அட்டை இல்லாமல் வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பியதைச் சற்று முன்னம்தான் பார்த்தேன்.

“ஐயா, தனிய நடப்பீங்களா?”

“ஏலும் டொக்டர்.”

“குளிப்பு, சாப்பாடு?”

“ஏலும்.”

“வயலுக்குப் போறீங்களா?”

“போவன்.”

மச்சாள் நிலத்தைப் பார்த்தபடி நின்றா. வயல் வட்டைக்கு மகன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் மரத்துக்குக் கீழே இருத்திவிடுவான், அவர் அங்கே இருந்து வரம்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதுதான் அந்தப் போவன். நாற்பது வருசம் உழைத்த மனிசனுக்கு, பெண்சாதியும் தங்கச்சியும் பார்த்திருக்க, மகள் வயதுப் பிள்ளையிடம் ஏலாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவரில் எனக்குக் கோபம் இல்லை. லண்டனில் என் வீட்டிலும் இதையே கண்டேன்.

நான் வாய் திறக்கப் போகையில் டொக்டர் கையைக் காட்டி நிறுத்தினா. “ஐயா, அந்த மேல் பொத்தானக் கழட்டித் திருப்பிப் பூட்டுங்க பாப்பம்.”

இடது கையால் கழற்றினார். பூட்ட முடியவில்லை. வலது கையை மடியிலிருந்து தூக்கி நெஞ்சில் வைத்தார், அது வழுகி விழுந்தது. இன்னொருமுறை. வெளியே வரிசையில் ஆட்கள் சத்தம் போடுகிறார்கள், அந்தப் பிள்ளை அவசரப்படுத்தவே இல்லை. மூன்றாம் முறை அண்ணன் மச்சாளைத் திரும்பிப் பார்த்தார். அவ குனிந்து பூட்டிவிட்டா.

“ஒவ்வொரு நாளும் நீங்கதானா அம்மா?” என்று டொக்டர் மச்சாளிடம் கேட்டா. பிறகு மச்சாள்தான் பேசினா: சோறு குழைத்துக் கொடுப்பது, இரவில் கக்கூசுக்குக் கூட்டிப் போவது, போன மாதம் கிணற்றடியில் விழுந்தது. அண்ணன் மறுத்துச் சொல்லவில்லை. ஐந்து நிமிசம்கூட இருக்காது. லண்டனில் ஒரு மணித்தியாலம் கேட்டும் காணாததை அந்தப் பிள்ளை ஒரு பொத்தானில் கண்டா. ஆனால் எல்லாருக்கும் இப்படி ஒருவர் கிடைப்பார் என்று நம்பி இருக்க ஏலாது. பரிசோதனைக்குப் போகிறவரோடு கட்டாயம் பராமரிக்கிறவரும் உள்ளே போகவேண்டும். நல்ல நாளை இல்லை, கெட்ட நாளைச் சொல்லவேண்டும்.

சான்றிதழை அன்றைக்கே உத்தியோகத்தரிடம் கொடுத்தோம். நான் வெளிக்கிடும் நாள் வரைக்கும் முடிவு வரவில்லை. டயக்னோசிஸ் கார்ட்டையும் கொப்பியையும் இரண்டு தரம் போட்டோப்பிரதி எடுத்து, ஒன்றை மச்சாளின் அலுமாரியில் வைத்தேன், மற்றது என்னோடு லண்டனுக்கு வந்திருக்கிறது.