வாட்ஸ்அப் பிசினஸ்: கடையை அடைத்த பிறகும் அடங்காத போனுக்கு எவ்வளவு உதவும்?

குமரி மாவட்டத்தில் கேரள எல்லையோரமுள்ள மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்துச் சின்னக் கடைகளில் இரவு எட்டரைக்கு ஷட்டரை இறக்கினாலும் வியாபாரம் அடங்காது. பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரத்து வாடிக்கையாளர்கள் வேலை முடிந்து வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் வாட்ஸ்அப்பைத் திறந்து "தேன் இருக்கா, ஏத்தங்காய் சிப்ஸ் கிலோ என்ன விலை" என்று கேட்பார்கள். உடனே பதில் போடாவிட்டால் ஆர்டர் அடுத்த கடைக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே போன் கிடக்கும். பிள்ளைகளோடு பேசுகிற நேரமும் தூக்கமும் அதிலேயே போய்விடும்.

2018 ஜனவரியில் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் இலவசம்தான். கேட்டலாக், லேபிள், குயிக் ரிப்ளை என்று நிறைய தருகிறது. ஆனால் கடைக்காரரின் ஓய்வைக் காப்பாற்றுகிற வசதி என்று பார்த்தால் அதில் ஒன்றுதான் உண்டு: அவே மெசேஜ், அதாவது கடை மூடியிருக்கும்போது கேட்பவருக்குத் தானாகப் போகிற பதில். சரியாகப் போட்டால் அருமையாக வேலை செய்யும். பலர் அரைகுறையாகப் போட்டுவிட்டு "இது உதவாது" என்று விட்டுவிடுகிறார்கள்.

முதல் வேலை, நம்பரைப் பிரிப்பது. ஒரே நம்பரைச் சாதா வாட்ஸ்அப்பிலும் பிசினஸிலும் ஒரே நேரத்தில் வைக்க முடியாது. வீட்டு நம்பரையே பிசினஸாக மாற்றினால் சித்தி அனுப்பும் கல்யாணப் பத்திரிகைக்கும் "கடை மூடியுள்ளது" என்று பதில் போகும். கடைக்குத் தனி சிம் வாங்குங்கள். கடையில் லேண்ட்லைன் இருந்தால் அந்த நம்பரிலேயே தொடங்கலாம். சரிபார்க்கும்போது எஸ்எம்எஸ் வேண்டாம், கால் மூலம் சரிபார்ப்பு எண் வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால் போதும்.

அடுத்தது பிசினஸ் ப்ரொஃபைலில் கடை நேரம். இதை நிரப்பாமல் நேரே அவே மெசேஜுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். ஷட்டர் இறங்குகிற நேரத்தைப் போடாமல், ஆர்டருக்குப் பதில் சொல்ல முடிகிற கடைசி நேரத்தைப் போடுங்கள். கணக்கு முடிக்கவும் பார்சல் கட்டவும் அரைமணியாவது வேண்டும். பிறகு பிசினஸ் டூல்ஸ், அவே மெசேஜ் என்று போய் ஆன் செய்து, ஷெட்யூலில் 'கடை நேரத்துக்கு வெளியே' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். 'எப்போதும்' என்பதைத் தொட்டுவிட்டால் பட்டப்பகலிலும் கடை மூடியிருப்பதாகச் செய்தி போகும். பெறுபவர் பட்டியலில் சப்ளையரையும் பார்சல் வண்டிக்காரரையும் விலக்கிவிடலாம்.

என்ன எழுதுவது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. "உங்கள் செய்திக்கு நன்றி, விரைவில் தொடர்புகொள்கிறோம்" என்பது வீண். எப்போது என்று தெரியாத ஆள் மறுபடி மறுபடி கேட்பார், பிறகு கூப்பிடுவார். "கடை இரவு 8.30-க்கு மூடியாச்சு. காலை 9.30-க்குள் பதில் வரும். வேண்டிய பொருள், அளவு, ஊர், பின்கோடு எழுதி வையுங்கள், அந்த வரிசையிலேயே பார்சல் போகும்" என்று போட்டால், காத்திருக்கிறவருக்கும் ஒரு பிடி கிடைக்கிறது, காலையில் நாலு கேள்வி கேட்கிற வேலையும் மிச்சம். இதே செய்தியை மலையாளத்திலும் கீழே சேர்த்துவிடுங்கள். இங்கே பாதி வாடிக்கையாளர்கள் பேசினால் தமிழ் புரிந்துகொள்வார்கள், ஆனால் வாசிக்கத் தெரியாது. சொன்ன 9.30-ஐக் காப்பாற்ற வேண்டும் என்பதும் முக்கியம். இரவு பத்தேகாலுக்கு ஒரு பதில் போட்டுப் பழக்கிவிட்டால், அந்த வாடிக்கையாளர் அதற்குப் பிறகு அவே மெசேஜை நம்பமாட்டார்.

இனி கோளாறுகள். போனில் இணையம் இருந்தால்தான் அவே மெசேஜ் போகும். நிம்மதியாகத் தூங்கலாம் என்று டேட்டாவை அணைத்தால் வாடிக்கையாளருக்குத் தெரிவது ஒற்றை டிக் மட்டும். அவர் கடை இல்லை என்றே நினைப்பார். சில போன்களில் பேட்டரி மிச்சப்படுத்தும் அமைப்பும் பின்னணியில் ஆப்பை நிறுத்திவிடும். ஆப் இன்ஃபோவில் பேட்டரி என்ற இடத்தில் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றிவிடுங்கள். மாற்றியபின் வேறொரு போனிலிருந்து இரவில் ஒரு 'ஹலோ' அனுப்பிப் பாருங்கள். அந்தப் போனின் நம்பர் விலக்கிய பட்டியலில் இருக்கக்கூடாது.

இன்னொன்று, அவே மெசேஜ் பதில்தான் சொல்லும், போன் மணியை நிறுத்தாது. இது ஆப்பின் பெரிய குறை. கடை நேரத்தோடு ஒலியும் தானாக அடங்குகிற ஏற்பாட்டை ஆப்புக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். இப்போதைக்கு போனிலேயே உள்ள, மணியை அடக்கி வைக்கும் டூ நாட் டிஸ்டர்பைத்தான் நாட வேண்டும். அதில் இரவு நேரத்தைக் குறித்து, வீட்டாரை ஸ்டார் போட்ட தொடர்புகளாக்கி அவர்களை மட்டும் அனுமதியுங்கள். 'மறுபடி கூப்பிடுபவர்' என்ற அனுமதியை மறக்காமல் அணையுங்கள். ஆண்ட்ராய்டு போனில் 15 நிமிடத்துக்குள் அதே ஆள் இரண்டாம் முறை கூப்பிட்டால் அது மணியை அடிக்க விடும். சிப்ஸ் கேட்கிறவர் எப்படியும் இரண்டு முறை கூப்பிடுவார்.

எல்லையோரக் கடைகளுக்கு விடுமுறையும் ஒரு சிக்கல். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குக் குமரி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை. திருவனந்தபுரத்தில் அது சாதாரண வேலைநாள், அங்கிருந்து ஆர்டர் வந்துகொண்டேயிருக்கும். பொங்கலுக்குத் திருவனந்தபுரத்திலும் உள்ளூர் விடுமுறை உண்டு, ஆனால் இங்கே விடுமுறை நாட்கள் அதிகம். அதுபோன்ற நாட்களுக்குக் கஸ்டம் ஷெட்யூலில் தொடக்கமும் முடிவும் தேதியோடு போடலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு ஷெட்யூல்தான் இருக்கும். விடுமுறை முடிந்ததும் 'கடை நேரத்துக்கு வெளியே' என்பதற்கு நீங்களே திருப்பி மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் அன்றிரவிலிருந்து பதிலே போகாது, யாரும் சொல்லாமல் உங்களுக்கும் தெரியவராது.

குயிக் ரிப்ளை காலை நேரத்துக்கு நல்லது. விலைப்பட்டியல், பார்சல் கட்டணம் இரண்டையும் சேமித்து வைத்தால், சாய்கோடு போட்டுச் சுருக்கச் சொல்லைத் தட்டி அனுப்பிவிடலாம். 50 வரை வைக்கலாம். கிரீட்டிங் மெசேஜ் என்ற தானியங்கி வரவேற்பு, முதன்முறை எழுதுகிறவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து திரும்பி வருகிறவருக்கும் போகும். அதிலும் கடை நேரத்தைச் சொல்லிவிடுங்கள்.

ஓணத்துக்கு முந்தைய வாரத்தில் தோவாளைப் பூ வியாபாரிகளுக்கு இந்த ஆப் அதிகம் உதவாது. அங்கே வியாபாரம் விடியுமுன்னே போன் பேச்சில் நடக்கிறது. விலையும் மளமளவென்று மாறும். அப்படிப்பட்டவர்கள் இரண்டு சிம் போனில் டேட்டாவை வீட்டு சிம்முக்கு மாற்றிவிட்டு, தூங்குகிற நேரத்தில் கடை சிம்மை மட்டும் செட்டிங்ஸில் அணைத்து வைக்கலாம். சாதாரண அழைப்புகள் நின்றுவிடும், வாட்ஸ்அப் மட்டும் வீட்டு சிம்மின் இணையத்தில் ஓடி அவே மெசேஜை அனுப்பிக்கொண்டிருக்கும். வாட்ஸ்அப் நோட்டிஃபிகேஷனில் கால் ரிங்டோனை 'None' (எதுவும் வேண்டாம்) என்று வைத்தால் அந்த அழைப்பும் சத்தம் போடாது. வங்கி ஓடிபி கடை நம்பருக்கு வருவதாக இருந்தால், சிம்மை அணைப்பதற்கு முன்பே பணம் அனுப்பும் வேலையை முடித்துவிடுங்கள்.