ஆண் கினிப் பன்றி உறுமினால் கடையில் கொண்டுபோய் விடாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் ஆண் கினிப் பன்றிகளைச் சோடியாக வளர்க்கிறவர்கள் இதைத் தயவுசெய்து முழுமையாக வாசியுங்கள். எங்கள் வீட்டில் நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது.

எங்களிடம் இருப்பவர்கள் கச்சானும் எள்ளும். ஒரே ஈற்றில் பிறந்தவர்கள். மண்ணிறத்தவன், நெற்றியில் சுழி உள்ளவன் கச்சான்; கறுப்பன் எள்ளு. பெயர் வைத்தது என் மகள். நகரில் உள்ள ஒரு செல்லப்பிராணிக் கடையில் வாங்கினோம். ஐந்து மாதம் வரை ஒரே துவாய்க்குள் முதுகோடு முதுகு ஒட்டித்தான் படுப்பார்கள்.

ஒரு நாள் பின்னேரம் கச்சான் எள்ளைச் சுற்றிச் சுற்றி நடக்கத் தொடங்கினான். பின்பக்கத்தை இடமும் வலமும் ஆட்டியபடி, ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தான். தொண்டையிலிருந்து ஓர் உறுமல், தூரத்துத் தோட்டத்தில் நீரிறைக்கும் இயந்திரம் ஓடுவதைப் போல. முதுகில் விரலை வைத்தபோது அதிர்வு தெரிந்தது. பிறகு எள்ளின் மேல் ஏறினான். எள்ளு பல்லை நறநறவென்று கடித்தபடி விலகிப் போனான். மகள் பயந்து அழுதாள். நானும் பயந்துவிட்டேன்.

அடுத்த நாளே கைத்தொலைபேசியில் எடுத்த காணொளியோடு வாங்கிய கடைக்குப் போனேன். கடைக்காரர் பார்த்ததும், "அக்கா, இது கொலைவெறிச் சண்டை. இப்படியே விட்டால் ஒன்று மற்றதைக் கொன்றுவிடும். பெரியவனை இங்கே விடுங்கள். பத்து நாள் பெண்களோடு இருந்தால் சூடு தணிந்து சாதுவாகி வருவான்" என்றார். பராமரிப்புக் கூலி 4500 ரூபாய். வீட்டில் இருப்பவனுக்குக் கொடுக்க ஒரு சாந்த மருந்து 1800 ரூபாய்; அந்தப் போத்தலில் பெயரும் இல்லை, திகதியும் இல்லை. பற்றுச்சீட்டு கேட்டேன். "எங்களைத் தெரியாதா அக்கா?" என்றார். காசைக் கொடுத்து, கச்சானை அங்கே விட்டுவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன்.

அந்தப் பத்து நாளும் எள்ளு சரியாகச் சாப்பிடவில்லை. புல்லைப் போட்டால் ஓடி வந்து கூவுகிறவன், துவாய்க்குள் முடங்கிக் கிடந்தான்.

கச்சானைக் கொண்டுவந்து கூட்டுக்குள் விட்டதும் எள்ளு ஓடி வந்து மோந்தான். கச்சானின் உடம்பெல்லாம் வேறு மணம். எள்ளின் கழுத்து மயிர் சிலிர்த்தது. இருவரும் முகத்துக்கு முகம் நின்று மூக்கை மேலே மேலே உயர்த்தினார்கள். முன்பெல்லாம் எள்ளு தலையைத் தாழ்த்திவிடுவான், அதோடு முடிந்துவிடும். அன்று இருவருமே தாழ்த்தவில்லை. ஒரே பாய்ச்சல். ஒருவரையொருவர் கவ்விப் பந்தாகச் சுருண்டு கூட்டின் மூலையில் போய் மோதினார்கள். நான் வெறுங்கையை விட்டேன். விரலில் பல் எலும்புவரை இறங்கியது. கணவர் துவாயைப் போட்டுத்தான் பிரித்தார். எள்ளின் காது மடல் கிழிந்து தொங்கியது.

கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். "வீட்டில் பிள்ளைகளின் அமொக்சிசிலின் பாணி மிச்சம் இருந்தால் வாயில் கொஞ்சம் விடுங்கள்" என்றார். நல்ல வேளையாக வீட்டில் இருக்கவில்லை. அரச கால்நடை வைத்தியரிடம் எள்ளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பாணியைப் பற்றிச் சொன்னதும் அவர் திடுக்கிட்டுப்போனார். அமொக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால் கினிப் பன்றியின் குடலில் உள்ள நல்ல பக்டீரியாக்கள் அழிந்து, அதனாலேயே உயிர் போகலாமாம். 6300 ரூபாய் ஏமாற்றியதை மன்னிக்கலாம், இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பழைய காணொளியையும் அவரிடம் காட்டினேன். அது சண்டையே அல்ல என்றார். ஆண் கினிப் பன்றிகள் வளரும் பருவத்தில், அநேகமாக மூன்றாம் மாதத்திலிருந்து ஒரு வயது தாண்டும்வரை, யார் பெரியவன் என்பதை இப்படித்தான் தீர்மானிக்கும். உறுமி ஆடி நடப்பது, மேலே ஏறுவது, துரத்துவது, பின்பக்கத்தைத் தரையில் தேய்த்து மணம் வைப்பது, பல்லைக் கடிப்பது எல்லாமே அந்தப் பேச்சுவார்த்தை. ஒருவன் விட்டுக்கொடுத்து விலகினால், இரத்தம் வராவிட்டால், இருவரும் சாப்பிட்டுத் தூங்கினால், கை வைக்காமல் விடவேண்டும். பாய்ந்து கடித்துக் காயம் வந்தால், அல்லது ஒருவன் மற்றவனைத் தீனிக்கும் தண்ணீருக்கும் அண்டவிடாமல் மறித்தால் மட்டுமே பிரிக்கவேண்டும். பிரித்தாலும் ஒருவரையொருவர் பார்க்கவும் மோந்துகொள்ளவும் முடிகிற மாதிரி, நடுவில் கம்பி வலை வைத்து, அதே இடத்தில்.

நாங்கள் செய்தது நேர் எதிரானது. ஒன்றாக இருந்தவர்களைப் பத்து நாள் முற்றாகப் பிரித்தோம். அதற்கு மேல் பெண்ணின் மணத்தோடு ஒருவனைத் திருப்பிக் கொண்டுவந்தோம். ஆண் சோடியைக் குலைக்க இதைவிட வேறொன்றும் தேவையில்லை. கூட்டைப் பற்றியும் அவர் கேட்டார். கடையில் தந்தது இரண்டடி நீளமானது. இரண்டு ஆண்களுக்குக் குறைந்தது பத்துச் சதுர அடி தரை வேண்டும். தீனித் தட்டு, தண்ணீர்ப் போத்தல், ஒளிந்துகொள்ளும் பெட்டி எல்லாம் இரண்டிரண்டு, பெட்டிக்கு இரண்டு வாசல், ஒருவன் உள்ளே முடக்கப்படாமல் இருக்க. விறாந்தையில் இப்போது அப்படித்தான் செய்து வைத்திருக்கிறோம், ஆனால் நடுவில் வலையோடு. இரண்டு முறை எடுத்துப் பார்த்தோம். இரண்டு முறையும் எள்ளு மயிர் சிலிர்த்துப் பாய்ந்தான்.

அந்த மருந்துப் போத்தலைத் திறக்கவே வேண்டாம் என்றார் வைத்தியர். காசைத் திருப்பிக் கேட்கச் சில தடவை போனேன். முதலாளி இல்லை என்ற பதில்தான். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம் என்று பலர் சொன்னார்கள். என் கையில் பற்றுச்சீட்டு இல்லை. நீங்கள் எந்தக் கடையில் எதற்குக் காசு கொடுத்தாலும் பற்றுச்சீட்டு இல்லாமல் வெளியே வராதீர்கள்.

கடைசியாகக் கடைக்குப் போனது கச்சானைக் கூட்டிவந்து மூன்று மாதத்தின் பின். மகளும் கூட வந்தாள். கினிப் பன்றி ஏறக்குறைய இரண்டு மாதம், கூடினால் 72 நாள் சினையாக இருக்கும். கச்சானை விட்டபோது அந்தக் கூட்டில் இருந்த பெண்கள் ஒன்றுக்குமே நெற்றிச் சுழி இல்லை, நான் நன்றாகப் பார்த்திருக்கிறேன். இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் ஐந்து குட்டிகள். மூன்றுக்கு மண்ணிறமும் நெற்றியில் அதே சுழியும். மகள் கண்ணாடியில் விரலை வைத்து, "அம்மா, கச்சான்" என்றாள். பெட்டியில் ஒட்டியிருந்த தாளில், ஆண் சோடி 7000 ரூபாய் என்று எழுதியிருந்தது.