மோட்டார் வைத்த சைக்கிளோடு நான்கு வருஷம்

2021 நடுவில் கட்டிய வண்டி. சுவாமிமலையிலிருந்து கும்பகோணம் போக எட்டு கிலோமீட்டர், வர எட்டு. மீட்டர் இன்று 14,000ஐத் தாண்டி நிற்கிறது. இத்தனை நாளில் வழியில் நின்றது பதினோரு தடவை, நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அதில் ஒன்றுக்குக்கூட மோட்டார் காரணமில்லை. எல்லாம் நட்டு, ஒயர், போக்ஸ் கம்பி, கனெக்டர், பேட்டரிக்குள் இருக்கிற ஒரு சின்னத் தகடு. வண்டியைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்பதுதான். அந்த நோட்டை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

பெட்ரோல் எஞ்சின் கிட் பக்கம் நான் போகவில்லை. சைக்கிளும் எஞ்சினும் சேர்ந்த வண்டி நமக்குப் புதிதில்லை, 1972இல் வந்த லூனாவும் 1980இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50யும் பெடல் வைத்தவைதானே. ஆனால் அவை அதற்கென்றே செய்த சட்டத்தில் ஓடியவை. சாதா சைக்கிளில் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினைக் கட்டினால் அதிர்வில் நட்டு எல்லாம் கழன்றுகொண்டே இருக்கும், நண்பர் ஒருவர் மாட்டிவிட்டு வாரத்தில் பாதி நாள் ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தார். தவிர எஞ்சின் 25 சி.சி.யைத் தாண்டினால் அது சட்டப்படி மோட்டார் வாகனம், பதிவு லைசென்ஸ் எல்லாம் வந்துவிடும். மின்சாரத்தில் 250 வாட், 25 கி.மீ. வேகம் என்ற வரம்புக்குள் இருப்பதற்குத்தான் விதியில் விலக்கு. அதனால் 36 வோல்ட், 250 வாட், உள்ளே பல்சக்கரம் வைத்த ஹப் மோட்டார், அதாவது சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் மோட்டார், பின்சக்கரத்துக்கு.

அப்பாவின் பழைய கறுப்பு சைக்கிளில் மாட்டத்தான் ஆசை. கிட் வந்து பிரித்துப் பார்த்த பிறகுதான் எண்ணினேன், மோட்டாரில் போக்ஸ் கம்பி கோக்க 36 ஓட்டை, அப்பா சைக்கிளின் பின் ரிம்மில் 40. முன் ரிம்மைப் பார்த்தால் 32. நம்மூர் பெரிய சைக்கிள்களில் இந்த 32-40 கணக்குதான், இதைச் சொல்லித்தர ஆளில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. 36 ஓட்டை ரிம்மை வாங்கிப் போடலாமே என்றால், அந்த சைக்கிளின் கம்பி பிரேக் ரிம்மின் உள்பக்கத்தில் உரசி நிற்பது, புது ரிம்மில் அது பிடிக்காது. சரி, அதை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு 26 இஞ்ச் பழைய இரும்பு ஃபிரேம் ஒன்றைப் பிடித்தேன். அலுமினியம் வேண்டாம், மோட்டாரின் அச்சு உட்காரும் இடம் அதில் சொல்லாமல் விரிசல் விடும், இரும்பு வளைந்தாவது காட்டிக்கொடுக்கும்.

முதல் பெரிய கோளாறு மூன்றாவது மாதம். பாலம் ஏறும்போது த்ராட்டிலை முறுக்கினேன், பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், இழுவை போய்விட்டது. இறங்கிப் பார்த்தால் அச்சே சுற்றியிருந்தது. சாதா சைக்கிளில் அச்சு சும்மா உட்கார்ந்திருக்கும், ஹப் மோட்டாரில் மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளுகிற அதே விசையில் அச்சைப் பின்னால் முறுக்கும். அச்சின் இரண்டு பக்கமும் தட்டையாக 10 மி.மீ. அகலத்துக்குச் சீவியிருப்பதே அதற்காகத்தான். நட்டு கொஞ்சம் தளர்ந்தால் அந்தத் தட்டை, பள்ளத்திலிருந்து நழுவிச் சுற்றும், கூடவே அச்சின் ஓட்டை வழியாக வரும் ஒயர்க் கட்டையும் துணி பிழிகிற மாதிரி முறுக்கி அறுத்துவிடும். நல்லவேளை, இந்த ரக மோட்டாருக்குள் ஒருவழிக் கிளட்ச் இருப்பதால், மோட்டார் சக்கரத்தைப் பிடித்து இழுக்காமல், பெடலை மிதித்து வீடு வந்தேன்.

இதற்கு மருந்து டார்க் ஆர்ம் என்கிற ஒரு தகடு, அச்சைக் கவ்விக்கொண்டு மறுமுனை ஃபிரேமில் கட்டப்படும். கடையில் வந்ததில் ஓட்டை லொடலொட என்று இருந்தது. லேத் பட்டறையில் 6 மி.மீ. இரும்புத் தகட்டில் வெட்டி வாங்கி, ஓட்டையை வேண்டுமென்றே கொஞ்சம் குறைவாக விடச் சொன்னேன். சுவாமிமலையில் அரம் பிடிக்கத் தெரிந்தவருக்கா பஞ்சம்? சிலை வேலை பார்க்கிற பக்கத்து வீட்டு அண்ணன் அரைமணி நேரத்தில் ராவித் தந்தார், சுத்தியலால் லேசாகத் தட்டினால்தான் அச்சில் ஏறும். அதற்கப்புறம் அச்சு அசையவே இல்லை. கிட்டோடு தந்ததை ஒப்புக்கு மாட்டாதீர்கள்.

போக்ஸ் கம்பி அடுத்த தலைவலி. மோட்டார் ஹப்பின் ஓட்டை தடிமனான கம்பிக்காகப் போட்டது, கடைக்காரர் கையிலிருந்த மெல்லிய 14 நம்பர் கம்பியைப் போட்டுக் கோத்துவிட்டார். வளைகிற இடத்தில் ஒவ்வொன்றாக உடைந்தது. 13 நம்பர் கம்பியில் மறுபடி கோத்து, முதல் 100 கி.மீ. ஓடியதும் ஒரு தடவை, 300இல் ஒரு தடவை கோட்டம் எடுத்தபிறகு அடங்கியது. இப்போது மாதம் ஒருமுறை விரலால் சுண்டிப் பார்ப்பேன், ஒரே பக்கத்துக் கம்பிகள் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் பேச வேண்டும். ஒன்று மட்டும் செத்த சத்தம் கொடுத்தால் அதைத் திருகிவிடுவேன்.

பேட்டரி விஷயத்தில் நான் கொஞ்சம் கஞ்சத்தனம் பண்ணினேன். முதலில் 12 வோல்ட் 7 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) லெட் ஆசிட் மூன்று. அந்த 7 என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் கணக்கு, நாம் அரைமணியில் உறிஞ்சினால் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஏழு கிலோ எடையைச் சுமந்துகொண்டு, ஆபீஸில் கெஞ்சி சார்ஜ் போட்டுக்கொண்டு, ஒன்பது மாதத்தில் மூச்சு நின்றுவிட்டது. அப்புறம்தான் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 3.2 வோல்ட் 6 ஏ.ஹெச். செல் 24, பன்னிரண்டு வரிசை இரண்டிரண்டாக. நான் மிதிக்காமலே 35 கி.மீ. போகிறது, எடை பாதி. முழு சார்ஜ் 43.8 வோல்ட். இந்த எண்ணை சார்ஜரில் பார்த்து வாங்குங்கள். 36 வோல்ட் என்று எழுதியிருக்கும் சாதா லித்தியம் அயான் பேட்டரிக்கு 42 வோல்ட் சார்ஜர். அதில் என்னுடைய 43.8ஐக் குத்தினால் செல் அளவுமீறி ஏறும், தீப்பிடிக்கிற அளவுக்குப் போகலாம். வீட்டில் இரண்டு ரகமும் இருந்தால், ஒன்று மற்றதில் நுழையாதபடி சார்ஜர் பின்னையே மாற்றிவிடுங்கள்.

அந்தப் பேட்டரியும் பத்து மாதத்தில் அழவைத்தது. 20 கி.மீ. ஓடியதும் பாலத்தில் ஏறும்போது பட்டென்று கட் ஆகும், ஒரு நிமிஷம் விட்டால் மறுபடி வரும். ஒவ்வொரு வரிசையாக மல்டிமீட்டர் வைத்ததில் பதினொன்று 3.3 காட்ட, ஒன்று மட்டும் 2.9. கவரைக் கிழித்தால் செல்லை இணைத்த தகட்டில் துரு. நிக்கல் என்று சொல்லிக் கொடுத்தது, நிக்கல் பூசிய இரும்பு. கட்டித் தந்தவரிடம் கேட்டேன், "எல்லாரும் இதைத்தான் சார் போடறாங்க" என்றார். இருக்கலாம். இப்போது யாராவது பேட்டரி கட்டப்போனால் ஒரு துண்டு தகட்டை வாங்கிச் சுரண்டி உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டுப் பார்க்கச் சொல்கிறேன், சுத்த நிக்கல் என்றால் துரு வராது.

மழை. ஐப்பசி கார்த்திகை டெல்டா மழை என்றால் சும்மாவா. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்துகிற கண்ட்ரோலர் பெட்டிக்குள் தண்ணீர் ஒயர் வழியாகத்தான் வழிந்து போகும். அதனால் பெட்டியை ஒயர் கீழே பார்க்கும்படி கட்டி, ஒவ்வொரு ஒயரும் உள்ளே நுழைவதற்கு முன் ஒரு தொங்கல் விட்டேன், தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும். மழையில் வண்டி ஓடாவிட்டால் நான் முதலில் கழற்றுவது பிரேக் லீவரின் கட்-ஆஃப் கனெக்டர், பாதி நேரம் அதில்தான் ஈரம் ஏறி, பிரேக் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டு மோட்டாரை நிறுத்தியிருக்கும். மோட்டார் நடுங்குகிறது, கிளம்பவில்லை என்றால், மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று கண்ட்ரோலருக்குச் சொல்கிற ஹால் சென்சாரின் ஒயர்: மூன்று சிக்னல் ஒயரிலும் மீட்டர் வைத்துச் சக்கரத்தைப் பின்பக்கமாக மெல்லச் சுற்றுங்கள், 0க்கும் 5 வோல்ட்டுக்கும் மாறி மாறி வரவேண்டும். முன்பக்கம் சுற்றினால் கிளட்ச் விட்டுவிடும், மோட்டார் சுற்றாது, இது தெரியாமல் நல்ல சென்சாரை எல்லாம் செத்துவிட்டது என்று நானே ஒரு சாயங்காலம் முழுக்க நம்பியிருக்கிறேன்.

த்ராட்டிலின் கறுப்பு ஒயரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அது அறுந்தால் சில கண்ட்ரோலர்களில் மோட்டார் முழு வேகத்தில் பிய்த்துக்கொண்டு போகும். எனக்கு ஸ்டாண்டில் நிற்கும்போது நடந்தது, தப்பித்தேன். அன்றைக்கே ஹேண்டில்பாரில் கை எட்டும் இடத்தில் ஒரு மெயின் சுவிட்ச் வைத்தேன்.

பஞ்சர் ஒட்டுகிற கடைகளில் "கரண்டு வண்டி அண்ணே, கை வைக்க மாட்டேன்" என்று இரண்டு பேர் அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது கடைப் பெரியவர்தான், "சக்கரத்தை எதுக்குத் தம்பி கழட்டணும்?" என்று வண்டியைப் படுக்கவைத்து, ஒரு பக்க டயரை மட்டும் கிளப்பி டியூபை வெளியே உருவி ஒட்டிவிட்டார். எழுதும்போது எளிதாக இருக்கிறது, அதற்கு முன்னால் பஞ்சருக்கெல்லாம் ஒயரை அவிழ்த்து, டார்க் ஆர்மைக் கழற்றி, முக்கால் மணி நேரம் செலவழித்தவன் நான்.

11,000 கி.மீ.யில் மோட்டாரைத் திறந்தேன். மூன்று நைலான் பல்சக்கரமும் நன்றாகவே இருந்தன, கிரீஸ்தான் கறுத்திருந்தது. துடைத்து, நைலானுக்கு ஆகிற வெள்ளை கிரீஸ் தடவி மூடினேன். மொத்தச் செலவு, தப்பு பண்ணி மாற்றியதையும் சேர்த்து, முப்பதாயிரத்தை ஒட்டி வந்திருக்கும். இப்போது பெடல் அச்சில் ஒரு 'கிணுக்' சத்தம், வலது காலை அழுத்தும்போது மட்டும். பால்ஸ் தேய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கழற்றினால் தெரியும்.